போ-சான்: மூக்கு ஒழுகிய ஒரு பையனின் வரலாறு

"வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு எழுதப்போறேன்டா"ன்னு ரூம் நண்பன்கிட்ட சொன்னேன். "யாரைப் பத்தி? பூலித்தேவனா?"ன்னு ஆர்வமாக் கேட்டான். "இல்ல, ஷின்-சான்ல மூக்குல சளி தொங்கிக்கிட்டு ஒருத்தன் வருவானே, போ-சான், அவனைப் பத்தி." மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். உங்களில் பாதிப் பேரும் இப்போது அதையே செய்வீர்கள் என்று தெரியும். மீதிப் பேருக்காகத்தான் இந்தப் பதிவு.

ஷின்-சான் யார் என்று ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு பொடியன் சொல்லுவான். ஐந்து வயசு, தடித்த புருவம், கட்டைக் குரல், அம்மாவிடம் தினமும் மண்டையில் குட்டு. ஆனால் அவனோட கூட்டத்தில் இன்னும் நாலு பேர் உண்டு. படிப்பாளியாகக் காட்டிக்கொள்ளும் கசாமா, பொம்மை விளையாட்டு என்ற பேரில் எல்லாரையும் மிரட்டும் நேனே, எதற்கெடுத்தாலும் அழும் மசாவோ, கடைசியாகப் போ. மற்ற மூன்று பேரையும் பெயர் சொல்லி விவரிக்க முடியும். போ-சானை விவரிக்கச் சொன்னால் எல்லாரும் மூக்குக்குக் கீழே ஒரு விரலைத் தொங்கவிட்டுக் காட்டுவார்கள். அவ்வளவுதான் அவன் அடையாளம்.

சரி, ஆரம்பத்தில் இருந்து வருவோம். யோஷிதோ உசுய் என்ற ஜப்பானியக் கார்ட்டூனிஸ்ட் 1990இல் 'வீக்லி மங்கா ஆக்‌ஷன்' என்ற இதழில் இந்தத் தொடரை வரையத் தொடங்கினார். இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்: அது சின்னப் பசங்க படிக்கிற பத்திரிகை இல்லை, வயது வந்த ஆண்கள் ரயிலில் படித்துக்கொண்டு போகும் பத்திரிகை. அதாவது ஷின்-சான் பிறந்தது குழந்தைகளுக்காக அல்ல. குழந்தை வாயில் பெரியவர்கள் பேச்சை வைத்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள் என்ற கணக்கு அது. அந்த இதழின் பேரைத்தான் கதையில் வரும் பாலர் பள்ளிக்கும் வைத்தார், 'ஆக்‌ஷன் பாலர் பள்ளி' என்று. 1992 ஏப்ரலில் டிவி அசாஹியில் கார்ட்டூனாக வந்தபோது பள்ளியின் பெயர் ஃபுதாபா என்று மாறிவிட்டது. ஃபுதாபா என்பது அந்தப் பத்திரிகையை நடத்தும் ஃபுதாபாஷா பதிப்பகத்தின் பேரில் பாதி. நம்ம ஊர் படத்தில் ஹீரோ பேரைத் தயாரிப்பாளர் பேராகவே வைக்கிற மாதிரி!

கதை நடக்கும் கசுகாபே நிஜமான ஊர். டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா மாகாணத்தில் இருக்கிறது. உசுய் வளர்ந்த ஊரும் அதுதான். பெருநகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீடு கட்டி, கடன் கட்டி வாழும் சாதாரண ஊர். ஷின்-சானின் அப்பா கட்டும் வீட்டுக் கடன் தொடர் முழுவதும் ஒரு தீராத ஜோக். சுற்றுலாக் கையேட்டில் முதல் பக்கத்தில் வராத ஊர்களுக்கு என்னமோ ஒரு தனி நகைச்சுவை உண்டு என்பது என் கட்சி. ராஜபாளையத்துக்காரன் வேறு எப்படிச் சொல்லுவேன்?

இந்த ஊரில், ஃபுதாபா பாலர் பள்ளியில், சூரியகாந்தி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் போ.

இப்போது கொஞ்சம் தொழில் விஷயம். ஒரு கார்ட்டூனில் வகுப்பறையை வரைவது பெரிய தலைவலி. இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் பேசப்போவது இரண்டு பேர். மீதிப் பேரை வாராவாரம் புதிதாக யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று ஒரு மாதிரித் தாள் வரைந்து வைத்துவிடுவார்கள். யார் வரைந்தாலும் அதே முகம் வரும். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு அடையாளம் போதும். அமெரிக்காவின் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரிலும் இதே கதைதான். அங்கே வெண்டல் என்று ஒரு பையன் உண்டு. 1990இல் பள்ளிப் பேருந்தில் குமட்டிக்கொண்டு முகம் வெளிறி வந்தான். அத்தோடு 'வாந்தி எடுக்கிறவன்' என்பதே அவன் வாழ்க்கை வரலாறு ஆகிவிட்டது. ஷெர்ரி, டெர்ரி என்று இரட்டைச் சகோதரிகள், அவர்களுக்கு இரட்டையாக இருப்பதே வேலை.

உசுய் செய்ததும் இதேதான். ஐந்து பிள்ளைகளை ஒரே கட்டத்துக்குள் நிறுத்தினால் நிழலைப் பார்த்தே ஆளைச் சொல்ல முடியணும். ஷின்-சானுக்கு உருளைக்கிழங்குத் தலை, மசாவோவுக்கு ஜப்பானியச் சோற்று உருண்டை மாதிரித் தலை, போவுக்கு சளி. அந்தச் சளி முப்பது வருஷத்துக்கு மேலாக அதே நீளத்தில் தொங்குகிறது. கீழே விழவும் இல்லை, யாரும் துடைத்துவிடவும் இல்லை.

ஜப்பானில் 'ஹனதாரே கோஸோ' என்று ஒரு பழைய வசவு உண்டு. நேராகச் சொன்னால் மூக்கொழுகிப் பயல். அனுபவமில்லாத சின்னப் பையன் என்ற அர்த்தத்தில் பெரியவர்களையும் அப்படித் திட்டுவார்கள். ஆக, போ ஒரு நடமாடும் வசவு. ஆனால் உசுய் அங்கே ஒரு திருப்பம் வைத்தார். அந்தக் கூட்டத்தில் நிதானமான ஆள் அவன்தான். விசித்திரமான வடிவமுள்ள கற்களைப் பொறுக்கிச் சேர்ப்பது அவன் பொழுதுபோக்கு. மற்ற நாலு பேரும் கத்தி முடித்த பிறகு மெதுவாக ஒரு வார்த்தை சொல்லுவான், பெரும்பாலும் சரியாக இருக்கும். திரும்ப 'போ...' என்று இழுத்துவிட்டு அமைதியாகிவிடுவான்.

இதெல்லாம் தெரிந்தும் அவனைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. கசாமாவின் அம்மாவைத் தெரியும். நேனேவின் அம்மா கோபம் வந்தால் பொம்மை முயலைக் குத்துவார் என்று தெரியும். போவின் குடும்பப் பெயர் என்ன? வீடு எங்கே? அவன் அம்மாவைப் பற்றிப் பேச்சு வரும், முகத்தைக் காட்ட மாட்டார்கள். இது மறதி இல்லை, திட்டமிட்டு வைத்த ரகசியம் என்றுதான் ரசிகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 1992இலிருந்து அவனுக்குக் குரல் கொடுத்துவரும் சியே சாதோ என்ற கலைஞரைப் பற்றி அடிக்கடி யோசிப்பேன். முப்பது வருஷத்துக்கு மேலாக ஐந்து வயசுப் பையனாக, பெரும்பாலும் ஒற்றை எழுத்தில் பேசுவது சாதாரண வேலையா என்ன! ஷின்-சானின் குரலே 2018இல் ஆள் மாறிவிட்டது.

இனி இந்தியாவுக்கு வருவோம். ஹங்காமா டிவியில் ஷின்-சான் 2006 ஜூனில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் தமிழ்நாட்டில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, தற்செயல். ஆனால் வரலாற்றில் தற்செயலுக்குத்தான் வேலை அதிகம். 14 அங்குல டிவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் போய் உட்கார்ந்தது. 2007இல் சுட்டி டிவி வந்தது. 2011இல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தது. எங்கள் பக்கம் அப்பா மில்லுக்கு ஷிப்ட் போவார், அம்மா தறிக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போவார். நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளையை ஏழு மணி வரை பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் டிவிதான். எங்கள் தலைமுறையில் பாதியை ஜப்பான்காரர்கள்தான் வளர்த்தார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள் :-)

இந்த இடத்தில் ஒரு சண்டை வருகிறது. பெற்றோர்கள் கொதித்தார்கள். பையன் கால்சட்டையை இறக்கிவிட்டு ஆடுகிறான், அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், ரோட்டில் போகும் அக்காக்களிடம் வழிகிறான், இதைப் பார்த்து எங்கள் பிள்ளையும் செய்கிறான் என்று புகார். 2008இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டது, தொடர் நிறுத்தப்பட்டது. 2009இல் நிறைய வெட்டுகளோடு திரும்பி வந்தது. என் வயதுக்காரர்கள் பார்த்தது அந்தக் கத்தரித்த ஷின்-சானைத்தான். அதே 2009 செப்டம்பரில் உசுய் அராஃபுனே மலைக்கு நடைபயணம் போன இடத்தில் தவறி விழுந்து இறந்துபோனார். வயது 51. அவரிடம் வேலை பார்த்தவர்கள் 2010இலிருந்து 'புதிய க்ரேயான் ஷின்-சான்' என்ற பேரில் தொடர்ந்து வரைந்தார்கள்.

அந்தத் தடையில் யார் பக்கம் நியாயம்? என் அம்மாவிடம் இதைப் பற்றி இன்றைக்கும் சண்டை போடலாம். பெரியவர்கள் பத்திரிகையில் பிறந்ததைக் குழந்தைகள் சேனலில் போட்டது சேனலின் கணக்கு, குழந்தையின் குற்றமில்லை என்பேன் நான். "நீ அந்த ஆட்டம் ஆடி கிழவி கையில விளக்குமாத்தடி வாங்கினது மறந்துபோச்சா"ன்னு அம்மா கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தடை, புகார், வெட்டு என்று இவ்வளவு நடந்ததில் போ-சானைப் பற்றி யாரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. அவனைப் பார்த்துக் கெட்டுப்போக என்ன இருக்கிறது? கல் பொறுக்குவான். சும்மா நிற்பான். ஷின்-சானிடமிருந்து குழந்தைகள் கெட்டது கற்றுக்கொள்வார்கள் என்று எல்லாரும் பயந்தார்கள். போ-சானிடமிருந்து ஒரு கெட்டதை நான் கற்றுக்கொண்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரு எழுத்து விவகாரம். ஜப்பானிய மொழியில் அவன் பேரின் முதல் ஒலி 'பம்பரம்' என்று சொல்லும்போது உள்ளே வரும் இரண்டாவது 'ப' மாதிரி அழுத்தமில்லாதது. தமிழில் எழுதினால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். மிச்சம் இருப்பது 'போ'. அதாவது கிளம்பு, நகரு, இங்கே நிற்காதே. ஜப்பானில் அர்த்தமில்லாத இழுவைச் சத்தம், தமிழ் எழுத்தில் ஒரு கட்டளை.

நாலாம் வகுப்பில் எங்களோடு ஒருத்தன் படித்தான். சத்திரப்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவான். வருஷம் பூரா அவனுக்குச் சளி. கையில் எப்போதும் ஒரு துண்டுத் துணி இருக்கும். சத்தமே வராத பையன். அவனுக்குப் 'போ-சான்' என்று பேர் வைத்தது நான்தான். இதை இதுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஒரு வாரத்தில் வகுப்பு முழுக்கப் பரவியது. ஒரு மாசத்தில் 'சான்' தேய்ந்துபோய் வெறும் 'போ' ஆனது. கபடிக்கு ஆள் பிரிக்கும்போது, "டேய் போ!" சாப்பாட்டு வரிசையில், "போ, போ!" கூப்பிடுகிறோமா விரட்டுகிறோமா என்று அவனுக்கே குழப்பமாக இருந்திருக்கும். நாங்கள் யாரும் அவன் வீட்டைப் பார்த்ததில்லை. அவனும் கூப்பிட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆறாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. ஊர்ப்பக்கப் பள்ளியில் சேர்ந்துவிட்டான் என்று சொன்னார்கள். அத்தோடு விட்டுவிட்டோம்.

சத்திரப்பட்டி தெரியாதவர்களுக்கு: ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி அங்கே தறி தறியாக நெய்யப்படுகிறது. தெருவில் நடந்தாலே தறிச்சத்தம் காதில் விழும். வீட்டோடு ஒட்டித் தறி இருக்கும் இடத்தில் பஞ்சுத் தூசி எங்கே போகும்? காற்றில்தான். குழந்தைகளின் மூக்கில்தான். இதெல்லாம் நாலாம் வகுப்பில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேர் வைக்காமல் இருந்திருப்பேனா என்றால், சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

அவனைத் திரும்பப் பார்த்தது 2025இல், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் அன்றைக்கு. ரத வீதி முழுக்கத் தலைதான். வடம் பிடிக்கிற கூட்டத்துக்கு வெளியே, பால்கோவாக் கடை ஓரம் நின்றுகொண்டிருந்தேன். தோளில் ஒரு கை. நல்ல உயரம், மீசை, மூக்கு சுத்தம். எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவன் தன் நிஜப் பேரைச் சொன்னான். எனக்குப் புரியவில்லை. இரண்டு விநாடி பார்த்துவிட்டு அவனே, "டேய், போ-சான்டா"ன்னான். அந்த இரண்டு விநாடி இன்னும் எனக்குள் கிடக்கிறது.

என்ன பேசுவது என்று தெரியாமல் நான் கேட்ட முதல் கேள்வி, "போ-சானை ஹீரோவாக வச்சு ஜப்பான்ல படம் வருது, தெரியுமா?" (நான் அப்படித்தான், திருத்த முடியாது.) ஆனால் விஷயம் நிஜம். 1993இலிருந்து வருஷம் ஒன்று என்ற கணக்கில் ஷின்-சான் சினிமாக்கள் வருகின்றன. 2025 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியான படத்தின் கதை நடப்பது இந்தியாவில்! இயக்கியவர் மசகாசு ஹாஷிமோதோ. கசுகாபேயும் ஒரு கற்பனை இந்திய நகரமும் சகோதர நகரங்கள் ஆகின்றன. நடனப் போட்டியில் ஜெயித்த நம்ம ஐவர் கூட்டம் இந்தியாவுக்கு ஆட வருகிறது. ஒரு கடையில் மூக்கு வடிவப் பை ஒன்று வாங்குகிறார்கள். அதற்குள் இருந்த ஒரு காகிதம் போவின் மூக்குக்குள் போய்விடுகிறது. அமைதியான பையன் பயங்கரமான சக்தியோடு கொடுங்கோலன் ஆகிவிடுகிறான்.

இதில் ஒரு சிலேடை ஒளிந்திருக்கிறது. ஜப்பானில் பையன்களின் பேரோடு 'குன்' சேர்ப்பார்கள். போவோடு குன் சேர்த்தால் 'போகுன்'. ஜப்பானிய மொழியில் போகுன் என்றால் கொடுங்கோலன்! 33 வருஷமாகக் கடைசியில் நின்ற பையனின் பேருக்குள்ளேயே ஒரு சர்வாதிகாரி தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். அதே செப்டம்பரில் படம் இந்தியத் தியேட்டர்களுக்கும் வந்தது. டிசம்பரில் சீனாவில் வெளியாக வேண்டியது, ஜப்பானோடு ஏற்பட்ட அரசியல் உரசலில் தள்ளிப்போடப்பட்டது. சளி ஒழுகும் ஐந்து வயசுப் பையனுக்கு வெளியுறவுப் பிரச்சினை!

தேர் அன்றைக்கு இதில் பாதிதான் எனக்குத் தெரியும், அதைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். "அதுலயாவது அவன் வீட்டைக் காட்டுவாங்களாடா?"

தெரியலைன்னேன். அப்புறம் எப்படியோ, சம்பந்தமே இல்லாத இடத்தில், "அந்தப் பேரை வச்சது நான்தான்டா"ன்னு சொல்லிவிட்டேன். கூட்டத்தில் கோவிந்தா சத்தம் எழுந்து தேர் அசைந்தது. அவன் காதில் விழுந்ததா இல்லையா என்று பார்த்தேன். "தெரியும்"ன்னான். "அப்பவே தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னான். போனேன். முன்னால் ஒரு அறை, பின்னால் தறி. ஞாயிறு என்பதால் நிறுத்தியிருந்தார்கள். ஃபேன் இறக்கையில் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருந்தது, ஜன்னல் கம்பியில், சாமி படத்தின் மேல் விளிம்பில், எங்கே பார்த்தாலும். மூலையில் அந்த 14 அங்குல டிவி, ஓடாது, மேலே துணி மடித்து வைத்திருந்தார்கள். "இதுலதான் பாப்பேன். தறி ஓடுறப்ப வசனம் ஒண்ணும் கேக்காது. அதனால எனக்கு ரொம்பப் பிடிச்சது போ-சான்தான். அவன்தான் பேச மாட்டானே"ன்னு சிரித்தான். பதினைந்து வயசுக்கு மேல் சளி குறைந்துவிட்டதாம். இப்போது அவன் தங்கைக்கு இருக்கிறது.

பத்து நிமிஷம் இருக்கும். எனக்கு மூக்கில் நமநமவென்று வந்தது. தும்மல் ஒன்று, இரண்டு, ஆறு வரை எண்ணினேன். கண்ணில் தண்ணி, மூக்கில் தண்ணி. கைக்குட்டை கொண்டு போகவில்லை. அவன் அம்மா உள்ளேயிருந்து மஞ்சளும் மிளகும் போட்ட பால் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அவன் ஒரு துண்டு பேண்டேஜ் துணியைக் கிழித்து நீட்டினான்.

"என்னடா போ-சான்"ன்னான்.